கொள்ளாம் என்ற ஒரு சொல்

கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாவில் பிறந்தவர்களுக்குக் ‘கொள்ளாம்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாளைமீன் நன்றாயிருந்தால் கொள்ளாம், மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு மாவாக வெந்திருந்தால் கொள்ளாம், போதகரின் பிரசங்கம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டால் அதுவும் கொள்ளாம். மலையாளத்திலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோட்டைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்து, நெய்யாற்றின்கரையைக் கேரளத்தில் விட்டுக் கோடு கிழித்தவர்களால் நிலத்தைப் பிரிக்க முடிந்ததேயன்றி, களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுபோல் புழங்கிய இந்தச் சொல்லைப் பிரிக்க முடியவில்லை. கொள்ளலாம், ஏற்கத்தக்கது, எடுத்துக்கொண்டால் பயன்படும் என்பதே அதன் உட்பொருள் என்று எனக்குப் படுகிறது.

என் அப்பா இந்தச் சொல்லை மிகவும் சிக்கனமாகச் செலவழித்தவர். அவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. பிறருடைய விளைகளில், அதாவது தோட்டங்களில், விடியுமுன் வெட்டிவிட்டு வந்து, எங்களுக்கென்று இருந்த நாற்பது சொச்சம் மரங்களையும் வெட்டுவார். பாலை உறையவைத்துத் தகடாக்கிப் புகைப்புரையில் உலர்த்தி எடுத்த ஷீட்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அதன் வழியாக வெளிச்சம் தேன் நிறத்தில் ஒரு குமிழியும் இல்லாமல் ஊடுருவுகிறதா என்று பார்ப்பார். திருப்தியாக இருந்தால் ஷீட்டைப் பார்த்து, எங்களைப் பார்த்தல்ல, “கொள்ளாம்” என்பார். அன்று வீட்டில் ஒரு நல்ல நாள். நானும் என் தங்கையும் அவர் பின்னால் நின்றுகொண்டு, அந்தச் சொல் எங்கள்மேல் ஒருநாளாவது திரும்பாதா என்று காத்திருந்தது உண்டு. நாங்கள் அப்படிக் காத்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பால் வெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால், நெற்றியில் கட்டிய விளக்கோடு இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கப் பள்ளத்துக்குச் சாய்வாக இறங்கும் வெட்டுக்கோட்டில், முந்தைய நாள் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுபாலை உரித்துவிட்டு, கத்தியை ஒரே இழுப்பில் கொண்டுவர வேண்டும். எடுக்கப்படும் பட்டை ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பட்டைக்கும் உள்ளிருக்கும் தடிக்கும் இடையில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அதற்கு மிக அருகில் போக வேண்டும், ஏனெனில் பால் அங்கேதான் அதிகம். ஆனால் அதைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகத் திரளும். பல ஆண்டுகள் கழித்துப் புதுப்பட்டையில் மீண்டும் வெட்ட வரும்போது கத்தி அங்கே இடறும். ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிய என் அப்பாவின் கைப்பட்ட மரங்களில் காயம் தேடினால் கிடைப்பது அரிது. விளைக்காரர்கள் அவரைத் தேடி வந்ததற்குக் காரணமே அதுதான்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது, 1988-இல், எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெட்டுக்கு வந்து ஒரு வருடமே ஆகியிருந்த ஒரு மரத்தின் முன்னால் என்னை நிறுத்திக் கத்தியைக் கையில் கொடுத்தார். பக்கத்து விளையில் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். பாதிக் கோடு வரை சரியாகத்தான் வந்தது. அதன்பின் கை கனத்துக் கத்தி உள்ளே இறங்கியது. பாலின் வெண்மைக்கு நடுவில் தடியின் மஞ்சள் கலந்த வெண்மை தெரிந்ததை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது. அப்பா சத்தம் போடவில்லை. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இருவரையும் நோக்கி, “இவன் ஒண்ணுக்கும் கொள்ளாதவன்” என்றார். பிறகு குனிந்து ஈர மண்ணை அள்ளி எச்சில் தொட்டுக் குழைத்து, மரத்தின் காயத்தில் விரலால் மெதுவாக அப்பினார். அவர் விரல் அவ்வளவு மென்மையாக இயங்கும் என்பதை நான் முதல்முறையாகக் கண்டது அப்போதுதான்.

அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் என்னோடு வந்தது என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. பதினோராம் வகுப்புக் கணக்குத் தேர்வில், எடுத்த வேலைகளில் பாதியை முடிக்காமல் விட்டபோது, முதல்முறை கார் ஓட்டப் பழகிய நாளில், திருமணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த மாலையில் என்று எங்கெல்லாம் கை கனத்ததோ அங்கெல்லாம் அது முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்த அந்த இருவரும் அன்று மத்தியானமே அதை மறந்திருப்பார்கள். சொன்னவரும் மறந்திருப்பார். சொன்னவர் நிறுக்கும் எடை வேறு, கேட்ட பிள்ளை நிறுக்கும் எடை வேறு. தகப்பன்மார் பெரும்பாலும் தங்கள் தராசை மட்டுமே பார்க்கிறார்கள்.

இதே அப்பாதான் என் தங்கையை ‘எங்க கணக்கப்பிள்ளை’ என்று அழைத்தவர். ஆறாம் வகுப்பில் அவள் ஷீட் கணக்கை ஒருநாள் தற்செயலாகச் சரிபார்த்து, கடைக்காரர் இரண்டு கிலோ குறைத்து எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தாள். அன்று முதல் கோட்டயம் சந்தை விலையைப் பேப்பரில் பார்த்துச் சொல்வதும், ஒட்டுபாலுக்கும் நாலாம் தர ஷீட்டுக்கும் தனித்தனியாகப் பற்று வரவு எழுதுவதும் அவள் பொறுப்பானது. இன்று அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். அந்த ஒரு பட்டப்பெயர்தான் அவளை அங்கே கொண்டு சேர்த்தது என்று சொல்லும் அளவுக்கு நான் எளிய மனிதனல்ல. ஆனால் தேர்வுக்குப் போகும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாசகமும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாசகமும் வேறு வேறு என்பதை நான் அறிவேன்.

எங்கள் சபையில் தகப்பன்மாருக்கான ஆராதனை நடக்கும் ஞாயிறுகளில் தவறாமல் எடுக்கப்படும் வசனம் நீதிமொழிகள் 18:21: “மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்.” நல்ல வசனம்தான், ஆனால் இப்போது சிலர் இதை எடுத்துக்கொண்டு, வாயால் அறிக்கையிட்டால் மகன் மருத்துவனாகிவிடுவான் என்கிற அளவுக்குக் கொண்டுபோகிறார்கள். சொல்லை மந்திரமாக்கும் அந்தப் பிரசங்கம் எனக்கு ஒவ்வாது. எனக்கு அதைவிட நெருக்கமானது கொலோசெயர் 3:21. “பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்.” ‘திடனற்றுப்போதல்’ என்று நம் வேதாகமம் சொல்லுமிடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல், உள்ளத்தின் வேகத்தைக் குறிக்கும் ‘தூமொஸ்’ என்பதற்கு முன்னால் இன்மையைக் குறிக்கும் ‘அ’ சேர்ந்து உருவானது. உள்ளே எரிந்துகொண்டிருந்தது அணைந்துபோன நிலை அது. பிள்ளை அடம்பிடிப்பான், எதிர்த்துப் பேசுவான் என்று அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, எழுதிய பவுல் எச்சரிக்கவில்லை. பிள்ளை முயற்சி செய்வதையே நிறுத்திவிடுவான் என்றுதான் எச்சரிக்கிறார். கத்தியைத் திரும்பக் கையில் எடுக்காத பிள்ளையை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நிருபம் வாசிக்கப்பட்ட உலகத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உரோமைச் சட்டத்தில் குடும்பத் தலைவனான தகப்பனுக்குப் பிள்ளைகள்மேல், அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும், அவன் உயிரோடிருக்கும்வரை அதிகாரம் உண்டு. கீழ்ப்படியுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது அங்கே யாருக்கும் புதிய செய்தியல்ல. அடுத்த வசனத்திலேயே தகப்பனை நோக்கித் திரும்பி, உன் வாயை அடக்கு என்கிற பொருள்பட ஒருவர் எழுதியதுதான் புதிது. நம் சபைகளில் இருபதாம் வசனம் கேட்கப்படும் அளவுக்கு இருபத்தொன்றாம் வசனம் கேட்கப்படுவதில்லை என்பது என் அனுபவம்.

வேதத்தில் தகப்பன்மாரின் சொற்களைத் தேடினால் ஆறுதலைவிடக் காயங்களே அதிகம் கிடைக்கின்றன. “என் தகப்பனே, என்னையும் ஆசீர்வதியும்” என்று, தனக்குரிய ஆசீர்வாதத்தைத் தம்பி யாக்கோபிடம் இழந்து சத்தமிட்டு அழுத ஏசாவின் குரலை வாசிக்கும்போதெல்லாம், வளர்ந்த ஒரு ஆண்பிள்ளை, வேட்டைக்காரன், அப்படி அழுவதற்கு என்ன இல்லாமல் போயிருக்க வேண்டும் என்று யோசிப்பேன். தாவீது தன் மகன் அதோனியாவை ஒருநாளும் ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்று கேட்டதில்லை என்று ராஜாக்களின் புத்தகம் குறிப்பிடுவதால், பேசாமலிருப்பதும் தப்பித்துக்கொள்ளும் வழியல்ல. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஆதியாகமம் 35-இல். பெத்லகேமுக்குப் போகும் வழியில் யாக்கோபின் மனைவி ராகேல் பிரசவ வேதனையில் சாகிறாள். சாகும்போது பிள்ளைக்குப் பெனொனி, அதாவது என் துக்கத்தின் மகன், என்று பெயர் வைக்கிறாள். “அவன் தகப்பனோ, அவனுக்கு பென்யமீன் என்று பேரிட்டான்” என்கிறது வசனம். வலதுகையின் மகன். ஏழேழு வருடம் உழைத்துப் பெற்ற மனைவி கண்முன்னால் இறந்துகிடக்கிறாள். அவளுடைய கடைசிச் சொல்லை மீறுவதற்கு எந்தக் கணவனும் தயங்குவான். யாக்கோபு மீறினான். பிள்ளை ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் தன் தாயின் மரணத்தைக் கேட்டு வளர வேண்டாம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கிடையில் பாரபட்சம் காட்டிக் குடும்பத்தையே குலைத்த அதே யாக்கோபுதான் இதையும் செய்தான் என்பது எனக்குக் கொஞ்சம் தைரியம் தருகிறது.

பெயரைப் பற்றிப் பேசும்போது எங்கள் நாட்டின் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தது முதல் தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் சங்கம் வேலை செய்தது. அந்தச் சங்கத்து மிஷனரி சாமுவேல் மேட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில், திருவிதாங்கூரின் அடிமைச் சாதியினர் மேல்சாதியார் முன்னால் எப்படிப் பேசக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். ‘நான்’ என்று சொல்லக் கூடாது, ‘அடியன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தன் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது. தன் பிள்ளைகளைக் குறிப்பிடும்போது குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோதான் சொல்ல வேண்டும். அடிமைத்தனம் இங்கே 1855-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் பெற்ற பிள்ளையைப் பிறர் முன்னால் கன்று என்று சொல்லிப் பழகிய தகப்பனின் நாக்கு, அரச விளம்பரம் வாசிக்கப்பட்ட அன்றே நிமிர்ந்திருக்குமா? ஞானசிகாமணி, சத்தியநேசன், தேவசகாயம் என்று ஞானஸ்நானத்தில் பெயர் வைத்த அந்தத் தலைமுறையினர் அந்தப் பெயர்களை எவ்வளவு ஆசையோடு வாய்விட்டு அழைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதை எழுதுவது அப்பாவுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. ஆனால் அவரை ‘எலே’ என்று அழைத்து நிறுத்திவைத்துக் கூலி கொடுத்த விளைக்காரர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். என்னை ‘எலே’ என்று அவர் அழைத்தபோது அது அந்த வாசலிலிருந்து வந்த குரல்தான். மனம் இளகியிருக்கும் அபூர்வமான மாலைகளில் மட்டும், எங்கள் ஊர் வழக்கப்படி, ஒருவனே ஆனாலும் பன்மையில் ‘மக்களே’ என்பார். வாரத்துக்கு எத்தனை ‘மக்களே’ கிடைத்தது என்று நானும் தங்கையும் எண்ணி ஒப்பிட்டதுண்டு.

எங்களிடம் சொல்லாதவற்றை அவர் கடவுளிடம் சொன்னார். இரவு சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பிறகு முழங்காலில் நின்று அப்பாவின் ஜெபம். எங்களைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியவந்த ஒரே இடம் அதுதான். அதையும் அவர் சில நாள் சாட்டையாக்கிவிடுவார். “ஆண்டவரே, கணக்கில் முப்பத்தொன்று வாங்கின இந்தப் பிள்ளைக்குப் புத்தியைத் தாரும்” என்று அவர் வேண்டும்போது, ஆண்டவருக்கு மதிப்பெண் ஏற்கெனவே தெரிந்திருக்குமே என்று எனக்குத் தோன்றும்; அம்மா மெல்ல இருமுவாள். ஆனால் எனக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்த ஒரு மாதம், “நீர் எனக்குத் தந்த இந்தப் பிள்ளையை எனக்குத் திரும்பத் தாரும்” என்று அவர் குரல் உடைந்து வேண்டியதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். ‘எனக்குத் தந்த’ என்ற அந்த இரண்டு சொற்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த நான் என் மகனிடம் சரியாக நடந்துகொண்டேனா என்றால், இல்லை. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. ஓய்வுநாள் பள்ளி வசனப் போட்டியில் மேடையேறினான். வீட்டில் தண்ணீராய் ஓடிய சங்கீதம் மேடையில் நான்காம் வசனத்தோடு நின்றுவிட்டது. கூட்டத்தில் பாறசாலையிலிருந்து வந்திருந்த என் தங்கையின் குடும்பமும் உட்கார்ந்திருந்தது. இறங்கி வந்தவனிடம், எல்லோரும் கேட்க, “உன்னாலே மானம் போச்சு” என்றேன். சொல்லி முடிக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் அழுகை வரவில்லை, முகம் மூடிக்கொண்டது. தங்கைதான் அவனை இழுத்து அணைத்து, “நாலு வசனம் சொன்னியே மக்களே, கொள்ளாம்” என்றாள். எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனபின் அவள் அந்தச் சொல்லை நாளுக்குப் பத்துமுறை தாராளமாகச் செலவழிக்கிறாள். அவள் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியர்களும் அப்படித்தானாம்.

அன்றிரவு ஜெபத்தில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, அது அப்பா செய்த அதே வேலை என்று உறைத்ததால் பாதியில் நிறுத்திவிட்டு, அவனைப் பார்த்து நேராகக் கேட்டேன். “பரவாயில்லப்பா” என்றான். ஆனாலும் இரண்டு வருடம் அவன் மேடையேறவில்லை. மன்னிப்பு கிடைத்துவிட்டது, முண்டு இருந்தது.

வெகுநாள்வரை எனக்குக் கிடைக்காமல் போனது ‘கொள்ளாம்’ என்ற சொல்தான் என்றே எண்ணியிருந்தேன். கெட்டுப்போய்த் திரும்பிய மகனின் உவமையைச் சொல்லும் லூக்கா 15-ஐ மறுபடி மறுபடி வாசித்தபோதுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. திரும்பி வரும் இளைய மகன், “இனிமேல் உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரன் அல்ல” என்கிறான். எங்கள் பேச்சில் சொன்னால், நான் ஒண்ணுக்கும் கொள்ளாதவன். கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்ற அடுத்த வாக்கியத்தையும் அவன் வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். தகப்பன் அதைச் சொல்ல விடவேயில்லை. கவனித்தால், ‘இல்லை, நீ கொள்ளாம்’ என்று தகப்பன் மறுத்துப் பேசவும் இல்லை. தகுதி என்ற பேச்சையே எடுக்காமல், வேலைக்காரரை நோக்கி, “என் குமாரனாகிய இவன்” என்கிறான்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் தேவன் வெளிச்சத்தைக் கண்டு நல்லது என்கிறார்; நிலத்தையும் புல்லையும் நட்சத்திரங்களையும் கண்டு நல்லது என்கிறார். ஷீட்டைத் தூக்கிப் பிடித்த என் அப்பாவின் கொள்ளாமுக்கு அங்கே முன்மாதிரி உண்டு. செய்து முடித்ததைப் பார்த்துத் தரம் சொல்லும் சொல் அது. இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது யோர்தானில் வானத்திலிருந்து கேட்டது அந்த வகைச் சொல்லல்ல. “நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்.” மாற்குவும் லூக்காவும் இதைச் சொல்லும் இடத்தில், இயேசு ஒரு நோயாளியையும் இன்னும் தொடவில்லை, ஒரு உவமையையும் இன்னும் சொல்லவில்லை. பார்த்துத் தரம் போடுவதற்கு அங்கே ஷீட் இல்லை. மகன் மட்டும் தண்ணீர் சொட்ட நின்றிருக்கிறான். நானும் என் மகனுக்கு இப்போது கொள்ளாம் சொல்கிறேன், அவன் சைக்கிளைக் கழற்றிப் பூட்டும்போது, நன்றாக இருந்தால் மட்டும். அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டியது வேறொன்று என்று தெரிந்திருந்தும், அது இன்னும் என் வாயில் கூச்சத்தோடுதான் வருகிறது.

2009-இல் எங்கள் மரங்களுக்கு வயது முற்றிப் பால் குறைந்ததால், வெட்டிவிட்டு மறுநடவு செய்ய முடிவானது. தடி வியாபாரி ஒவ்வொரு மரமாகச் சுற்றிவந்து, கையால் தட்டி, அளவெடுத்து விலை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஊன்றுகோலோடு கூடவே நடந்தார். நான் இரண்டடி பின்னால். வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்த மரத்தின் முன்னால் வியாபாரி நின்றார். இருபத்தொரு வருடத்தில் அந்தக் காயம் ஒரு குழந்தையின் முட்டி அளவுக்குத் திரண்டு பட்டைக்கு வெளியே துருத்தியிருந்தது. அதை விரலால் தடவியபடி, “மற்ற மரமெல்லாம் கண்ணாடிபோல இருக்கே, இதுமட்டும் யாரு இப்படித் தடியிலே ஏத்தினது?” என்று கேட்டார்.

எனக்கு மறுபடியும் பதின்மூன்று வயதானது. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. ஊன்றுகோலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் அந்த முண்டை மூடினாற்போல் பிடித்தார்.

“அது நான் வெட்டினது” என்றார். “அண்ணைக்கு எனக்குக் கை சரியில்ல.”

வியாபாரி விலையில் எதையோ குறைத்து எழுதிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.